பதினேழாம் பக்கத்தின் மறுபுறம்

பரகுவாயின் அசுன்சியோன் நகரத்துப் பேய்களுக்கு நள்ளிரவெல்லாம் தேவையில்லை. பகல் இரண்டு மணி போதும். பிப்ரவரி வெயிலில் தெருவில் நாய்கூட நடக்காது. எல்லா வீட்டிலும் சன்னலைச் சாத்திவிட்டு ஊரே உண்ட மயக்கத்தில் கிடக்கும். அந்த நேரத்தில் வெளியே போனால் பொன்னிறத் தலைமுடிக்காரப் பொடியன் ஒருவன் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று சொல்லித்தான் அங்கே பிள்ளைகளைத் தூங்கவைப்பார்கள். பெரியவர்களுக்கு அந்தப் பயமில்லை, படுத்தவுடன் குறட்டைதான்.

எர்சிலியாவுக்கு மட்டும் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. கணவர் தோன் எலீஹியோ ரெகால்டே செத்து, ஒன்பது நாள் ஜெபம் முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் கூடை கூடையாகச் சீப்பா ரொட்டியைத் தின்று தீர்த்துவிட்டுக் கிளம்பி மூன்று நாள் ஆகியிருந்தது. நடையில் கட்டியிருந்த கயிற்று ஊஞ்சலில் கறுப்பு உடையோடு வியர்த்துக்கொண்டு கிடந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மூடிக் கிடந்த படிப்பறைக்குள் யாரோ தாளை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதல்ல. அந்தக் காலத்தில் புத்தகங்கள் மடித்த தாள் மடித்தபடியே தைத்து வரும். ஒரு தாளுக்குப் பதினாறு பக்கம், மேலேயும் ஓரத்திலும் ஒட்டியே இருக்கும். வாங்கியவர்தான் காகிதக் கத்தியால் ஒவ்வொரு மடிப்பாக வெட்டி வெட்டிப் படிக்க வேண்டும். தோன் எலீஹியோ முப்பத்திரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் புத்தக விமரிசனம் எழுதியவர். ஊரில் எவன் என்ன அச்சடித்தாலும், கவிதையோ காய்ச்சல் வைத்தியமோ, ஒரு பிரதி அவர் வீட்டுக்கு வந்துவிடும். மதியம் எல்லோரும் தூங்கும்போது அவர் வெட்டுவார். ஆனால் நாலைந்து வெட்டோடு சத்தம் அடங்கிவிடும். இன்றைக்கு அடங்கவில்லை. ஒரு வெட்டு, கொஞ்சம் இடைவெளி, பக்கம் புரளும் ஓசை, மறுபடி ஒரு வெட்டு. யாரோ உண்மையாகவே படித்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். அறையில் யாரும் இல்லை. மேசையில் 'மேல் பரகுவாய் ஆற்றின் மீன்கள்' என்ற தடித்த புத்தகம் கடைசிப் பக்கம்வரை வெட்டிக் கிடந்தது. பக்கத்தில் அவருடைய மான்கொம்புக் கத்தி. மேசை முழுக்கக் காகிதத் தூள். 

அடுப்படிக்குப் போய்த் தொமாசாவை எழுப்பினாள். தொமாசா இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் சமையல். வாய் நீளம், மனசு அதைவிட நீளம்.

"நீ ஐயா ரூமுக்குப் போனியா?"

"நான் எதுக்கும்மா போறேன்?"

"மீன் புத்தகத்த யாரோ வெட்டிப் படிச்சிருக்காங்க."

"எனக்கு மீன வறுக்கத் தெரியும், படிக்கத் தெரியாது. வெயில்ல உங்களுக்கு என்னமோ ஆகியிருக்கு. இந்தாங்க, குடிங்க" என்று கொம்புக் குவளையில் குளிர்ந்த தெரேரே இலைத் தண்ணீரை நீட்டினாள்.

மறுநாள் எர்சிலியா படிப்பறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு மணிக்குச் சத்தம் வந்தது. இந்தத் தடவை தொமாசாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். சிலுவை போட்டுக்கொண்டாளே தவிர ஓடவில்லை. நான்கு மணிக்குத் திறந்து பார்த்தால் மீன் புத்தகம் அலமாரியில் தன் இடத்துக்குப் போயிருந்தது. அதற்கு அடுத்து நின்ற 'துறைமுகமும் மஞ்சள் காய்ச்சலும்' மேசைக்கு வந்து, முழுசாக வெட்டுப்பட்டுக் கிடந்தது.

எர்சிலியா அலமாரி அலமாரியாகப் புத்தகங்களை உருவிப் பார்த்தாள். அறுநூறுக்கு மேல் இருக்கும். தாவரப் பட்டியல், சாக்கோக் காட்டுப் பயணக் குறிப்பு, போர் வரலாறு, தேசபக்தப் பாட்டு, நிலாவைப் பற்றி ஐம்பது அறுபது தொகுப்பு. எல்லாவற்றிலும் ஒரே கதைதான். முதல் தாள் வெட்டியிருந்தது, கடைசித் தாள் வெட்டியிருந்தது. நடுவில் உள்ளதெல்லாம் அச்சகத்திலிருந்து வந்தபடி கன்னி கழியாமல் இருந்தது. முன்னுரையையும் பொருளடக்கத்தையும் பார்த்துவிட்டே மனுஷர் முப்பத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறார். மீன் புத்தகத்துக்கு 'ஆற்றின் அடி ஆழம்வரை இறங்கிய நூல்' என்று எழுதியவர், தான் பதினாறாம் பக்கத்துக்குக் கீழே இறங்கவே இல்லை.

தொமாசாவுக்கு விஷயம் விளங்கியதும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அட, இதுதானா! மேல வாசல்லயே நிறுத்தியிருப்பாங்கம்மா. போய்யா, படிக்காம எழுதினத எல்லாம் படிச்சு முடிச்சிட்டு வான்னு திருப்பி அனுப்பியிருப்பாங்க."

"அறுநூறு புத்தகம், தொமாசா."

"நாளுக்கு ஒண்ணுன்னா ரெண்டு வருஷம் பிடிக்கும். பாவம், அந்த நிலாப் பாட்டு எல்லாத்தையும் படிக்கணுமே! நரகத்துக்கே அனுப்பியிருக்கலாம்."

எர்சிலியாவும் சிரித்தாள். விதவையான பிறகு முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நினைப்பு வந்தது. கடைசி அலமாரிக்குப் போனாள். புத்தகங்களை ஆசிரியரின் குடும்பப் பெயர்ப்படி எழுத்து வரிசையில் அடுக்குவது அவர் வழக்கம். எர்சிலியாவின் பிறந்த வீட்டுப் பெயர் சார்சா. அவர்கள் எழுத்துவரிசையில் அதன் முதல் எழுத்துதான் கடைசி. ஆகவே கடைசி அலமாரியில், கடைசித் தட்டில், கடைசிப் புத்தகமாக அவளுடையது நின்றது. 'நனையாத சிறகு', எர்சிலியா சார்சா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது. கையிலெடுத்துப் பார்த்தாள்.

முதல் தாள் வெட்டியிருந்தது. கடைசித் தாள் வெட்டியிருந்தது. அவ்வளவுதான்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அது என்ன புத்தகம் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எர்சிலியாவுக்குப் பத்தொன்பது வயதில், வடக்கே கொன்செப்சியோனில் அத்தை வீட்டில் வைத்து, கல்யாணமாகாமல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்பன் ஆற்றுக் கப்பலில் கணக்குப் பார்க்கிறவன். கப்பலோடு போனவன் திரும்பவில்லை. குழந்தை பதினொரு நாள் இருந்தது. அந்த நாட்டில் பச்சைக் குழந்தை செத்தால் அது நேராகத் தேவதையாகிவிடும், அதனால் தாய் அழக்கூடாது என்பார்கள். அழுதால் கண்ணீர் பட்டுக் குழந்தையின் சிறகு நனைந்துவிடும், பறக்க முடியாமல் பாதியில் நின்றுவிடும். எர்சிலியா அழவில்லை. சிறிய மரச் சிலுவை நட்டு, அதற்கு ஒரு வெள்ளைத் துணி கட்டி, அசுன்சியோனுக்கு வந்து இரண்டு வருஷம் கவிதை எழுதினாள். அத்தை இரண்டு பசுமாட்டை விற்று அச்சுக் கூலி கொடுத்தாள். "பயப்படாம போடுடி. இந்த ஊர்ல எல்லாருக்கும் கவிதை எழுதத் தெரியும், எவனுக்கும் கவிதைப் புத்தகத்த வெட்டத் தெரியாது" என்றாள். அத்தை சொன்னது போலவேதான் நடந்தது. நூறு பிரதியில் அறுபது, பெரிய வீடுகளின் வரவேற்பறை மேசைகளில் பூச்சாடிக்குக் கீழே போய்ச் சேர்ந்தன. மிச்சம் நாற்பது அத்தை வீட்டில் புகுந்த வெள்ளத்தில் போயின.

ஒரே ஒருவர் படித்தார். அல்லது படித்தார் என்று எர்சிலியா முப்பத்தொரு வருஷம் நம்பினாள்.

விமரிசகராகப் பெயரெடுக்கத் தொடங்கியிருந்த எலீஹியோ அவளைப் பெண் கேட்டபோது அவள் சொன்னது ஒன்றுதான். "என் புத்தகத்த முழுசா படிச்சிட்டு வாங்க. படிச்ச பிறகும் கேக்கணும்னு தோணினா கேளுங்க." அவர் மூன்று நாள் கழித்து வெள்ளை உடையில், வேர்த்து விறுவிறுத்து வந்தார். "படிச்சேன். இப்பவும் கேக்கறேன்" என்றார். பதினேழாம் பக்கத்துக் கவிதையை மனப்பாடமாகச் சொன்னார்:

நீ இல்லாத வீட்டில்
உன் அளவுக்கு ஓர் இடம் விட்டுத்தான்
நான் இன்றும் படுத்துக்கொள்கிறேன்.

கேட்டதும் எர்சிலியாவுக்குக் கண் கலங்கிப் போனது. ஏனென்றால் அந்தக் கவிதை அந்தப் பக்கத்தோடு முடியவில்லை. பதினேழாம் பக்கம் இரண்டாம் தாளின் வெளிப்புறம், வெட்டாமலே படிக்கலாம்; மடிப்பை வெட்டித் திருப்பினால்தான் மறுபுறம் இப்படிப் போகும்:

அந்த இடம் அதிகமில்லை, நிமியா.
முழங்கையிலிருந்து விரல் நுனிவரை.
பதினொரு நாளில் நீ அவ்வளவுதான்
வளர்ந்திருந்தாய்.

இதைப் படித்துவிட்டும் ஒருவன் வந்து நிற்கிறான் என்றால் அவனுக்குக் காலமெல்லாம் செருப்பாக உழைக்கலாம் என்று அவள் முடிவு செய்தாள். அப்படியே செய்தாள். அவர் பத்திரிகையில் அவள் புத்தகத்தை 'ஓர் இளம்பெண்ணின் பறவைப் பாடல்கள்' என்று எழுதியபோது, தன் மானத்தைக் காப்பாற்றத்தான் இந்தப் பொய் என்று உருகிப்போனாள். ஒரு நாளும் குழந்தையைப் பற்றி அவர் வாய் திறக்காதபோது, என்ன பெருந்தன்மை என்று நினைத்தாள். கல்யாண நாள்தோறும் விருந்தாளிகள் முன்னால் அந்த மூன்று வரியைச் சொல்லி அவள் கையைப் பிடிப்பார். நமக்குள் மட்டும் இருக்கும் ரகசியத்தைச் சொல்லாமல் சொல்கிறார் என்று நெகிழ்ந்தாள். நாத்தனார்கள் பேசிய பேச்சையெல்லாம் விழுங்கினாள். "ஒரு வீட்டுக்கு ஒரு பேனா போதும்" என்று அவர் சொன்னதும் எழுதுவதை விட்டாள். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த மெழுகுவர்த்தி. நவம்பர் இரண்டு, இறந்தவர்கள் நாளில், தோன் எலீஹியோ இரண்டு ஏற்றுவார். ஒன்று, இளவயதில் இறந்த தம்பிக்கு. இரண்டாவது யாருக்கென்று அவர் சொன்னதில்லை, அவள் கேட்டதில்லை. கேட்க வேண்டியதில்லை என்று இருந்தாள்.

இப்போது தரையில் உட்கார்ந்தபடி, அடுப்படிப் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"தொமாசா, ஐயா ரெண்டாவது மெழுகுவர்த்தி யாருக்கு ஏத்துவாரு, உனக்குத் தெரியுமா?"

தொமாசா கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள். "உங்களுக்குத் தெரியாதா? கிளிக்கு."

"எந்தக் கிளிக்கு?"

"சின்ன வயசுல வளர்த்தாராமே, பச்சைக்கிளி. பூனை பிடிச்சிருச்சாம். வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு எங்கிட்ட மட்டும் சொன்னாரு. ஏம்மா, ஏன் அப்படிப் பாக்கறீங்க?"

 நிமியாவை இந்த உலகத்தில் தன்னையும் அவரையும் சேர்த்து இரண்டு பேருக்குத் தெரியும் என்று எர்சிலியா நினைத்திருந்தாள். அத்தை செத்த பிறகு அந்த நினைப்புதான் அவளுக்குத் துணை. தான் செத்தாலும் அவர் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார், அவர் முந்திக்கொண்டால் தான் ஏற்றலாம், குழந்தை அநாதை இல்லை என்று நம்பியிருந்தாள். முப்பத்தொரு வருஷமாகத் தான் ஒருத்தி மட்டும்தான் அந்தக் குழந்தையோடு இருந்திருக்கிறாள். அது தெரியாமலே இருந்திருக்கிறாள். 

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வெறிதான். அவர் படிக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது படிக்காததை இப்போது படிக்க வேண்டும். படித்தால் கோபப்படுவாரோ என்று ஒரு நிமிஷம் பயந்தாள். செத்தவர் கோபப்பட்டு என்ன செய்துவிடப் போகிறார்? இருந்தாலும் பயந்தாள். பயத்தையும் மீறிக்கொண்டு அந்த ஆசை நின்றது. நிமியாவைத் தெரிந்த இன்னோர் உயிர், அது போன உயிராக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்று வேண்டும்.

ஆனால் நாள் இல்லை. தோன் எலீஹியோ தன் நூலகத்தை ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு எழுதிவைத்திருந்தார். சனிக்கிழமை காலையில் மாட்டுவண்டிகளோடு வருவதாகப் பள்ளியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். அன்றைக்குப் புதன். ஆவியோ இன்னும் முதல் அலமாரியின் முதல் தட்டில், முதல் எழுத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தது. இந்தக் கணக்கில் கடைசி எழுத்துக்கு வந்து சேர இரண்டு வருஷம்.

"வண்டிய அப்புறமா வரச் சொல்லுங்களேன்" என்றாள் தொமாசா.

"எதுக்குன்னு கேட்டா? எங்க வீட்டுக்காரர் செத்த பிறகு படிச்சிட்டிருக்காரு, தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொல்லவா?"

"இந்த ஊர்ல நம்புவாங்கம்மா."

"நம்புவாங்க. நம்பிட்டு, வேடிக்கை பாக்க வந்துருவாங்க."

வியாழக்கிழமை மதியம் எர்சிலியா 'நனையாத சிறகை' மேசையில் நட்ட நடுவில் வைத்தாள், கத்தியை அதன்மேல் வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு நடையில் உட்கார்ந்தாள். இரண்டு மணி அடித்தது. உள்ளே காலடி போல ஏதோ. அலமாரிவரை போய்த் திரும்பி வந்த மாதிரி இருந்தது. பிறகு வெட்டும் சத்தம். ஒன்று, இரண்டு, பத்து, இருபது. அவள் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் கேட்டாள். பக்கம் புரளப் புரள, இதோ இப்போது, இதோ இப்போது என்று காத்திருந்தாள்.

நான்கு மணிக்குத் திறந்தால் மேசையில் கிடந்தது 'அரசு நிலங்களை அளக்கும் முறைகள்'. அவள் புத்தகம் கடைசி அலமாரியில், கடைசித் தட்டில், தன் இடத்தில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. ஒரு மடிப்புகூட வெட்டப்படவில்லை.

எர்சிலியா வந்த கோபத்தில் கறுப்பு முக்காட்டைக் கழற்றி எறிந்தாள். "நிலம் அளக்கறதப் படிக்கறீங்க! முந்நூறு பக்கம் சங்கிலியும் கம்பும்! என்னோடது எழுபத்திரண்டு பக்கம். செத்தும் என்னைப் படிக்க மாட்டீங்களா?" என்று காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தினாள். முப்பத்தொரு வருஷத்தில் அந்த அறைக்குள் அவள் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

தொமாசா ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தாள். "ஏம்மா அவர்கிட்ட போய்க் கோவிச்சுக்கறீங்க? இருக்கும்போதே அப்படித்தானே. மேசை மேல நான் ஒரு தட்டு வச்சாக்கூட எடுத்து வெளிய வைப்பாரு. அவரா எடுத்தாத்தான் எடுத்தது. வரிசையக் கலைச்சா மனுஷனுக்குப் பிடிக்காது, தெரியாதா உங்களுக்கு?"

எர்சிலியா கத்துவதை நிறுத்திவிட்டுத் தொமாசாவையே பார்த்தாள்.

"வரிசை" என்றாள். "வரிசையில இருந்தா எடுப்பாரு."

வெள்ளிக்கிழமை. அதுதான் கடைசி மதியம். எர்சிலியா முதல் அலமாரிக்கு முன்னால் நின்று, நில அளவைப் புத்தகம் நின்ற இடத்துக்கு வலது பக்கம் இருந்த கவிதைத் தொகுப்பை, அதுவும் நிலாதான், ஒரு விரல் தள்ளி இடம் பண்ணினாள். அங்கே தன் புத்தகத்தைச் செருகினாள். தட்டில் சின்னப் பொம்மைபோல அது நின்றது. தப்பான எழுத்து, தப்பான அலமாரி. முதல் எழுத்துக்காரர்கள் நடுவில் கடைசி எழுத்துக்காரி. கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியது.  பிறகு அவர் நாற்காலிக்கு எதிரே நின்று, விருந்துகளில் அவர் சொல்வாரே, அதே ஏற்ற இறக்கத்தோடு அந்த மூன்று வரியைச் சொன்னாள். தன் கவிதையைத் தன் வாயால் சொல்லி அவளுக்கு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"இவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும்" என்றாள். "மிச்சம் பின்பக்கம் இருக்கு. மேல ஒரு வெட்டு, ஓரத்துல ஒரு வெட்டு. ரெண்டே வெட்டுதான். இத உங்களக் குத்திக்காட்டச் சொல்லல. நீங்க படிச்சீங்கன்னு நம்பித்தான் உங்ககூட வாழ்ந்தேன். நல்லாத்தான் வாழ்ந்தேன். ஆனா நாளைக்கு வண்டி வருது. அப்புறம் யாரும் படிக்க மாட்டாங்க."

கதவைச் சாத்திவிட்டு நடை ஊஞ்சலில் வந்து உட்கார்ந்தாள். தொமாசா குவளையை நிரப்பி நீட்டினாள். இரண்டு பேரும் மாறி மாறிக் குடித்தார்கள். முற்றத்து மாமரத்தில் ஓர் இலை அசையவில்லை. சில்வண்டு மட்டும் காதைத் துளைத்தது. தூரத்தில் கோயில் மணி இரண்டு அடித்தது.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. அலமாரிப் பக்கம் போன காலடி நின்றது. ரொம்ப நேரம் நின்றது. எர்சிலியா கையில் இருந்த குவளை சாய்ந்து தண்ணீர் மடியில் கொட்டியது. தொமாசா குவளையை வாங்கிக் கீழே வைத்தாள்.

காலடி மேசைக்குத் திரும்பியது.

ஒரு வெட்டு. குறுகிய வெட்டு, மேல் மடிப்பு.

இன்னொரு வெட்டு. நீண்ட வெட்டு, ஓரம்.

ஒரு பக்கம் புரண்டது.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது வெட்டு வரும் என்று தொமாசா கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள், வரவில்லை. சில்வண்டும் திடீரென்று அடங்கியது. வெயில் நடையின் விளிம்புவரை வந்து நின்றது. எர்சிலியா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அமைதி எவ்வளவு நேரம் இருந்ததோ, அவளுக்கு அது அந்தப் பதினொரு நாளை விட நீளமாக இருந்தது.

பிறகு கதவுக்கு அந்தப்பக்கம் தோன் எலீஹியோவின் குரல் கேட்டது. விருந்துகளில் கேட்கும் கணீர்க் குரல் இல்லை. முதல் தடவையாக ஒரு பெயரைப் படிக்கிறவர் எழுத்துக்கூட்டிப் படிப்பது போல, மெதுவாக, தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்கிற கவனத்தோடு வந்தது.

"நிமியா."

கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தடவை சொன்னது. இந்தத் தடவை கூப்பிடுகிற மாதிரி.

"நிமியா."

அத்தை போன பிறகு வேறொருவர் வாயிலிருந்து அந்தப் பெயரை எர்சிலியா கேட்டதே இல்லை. அழக்கூடாது, அழக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். பிறகு விட்டுவிட்டாள். கண்ணீர் கன்னத்திலும் கழுத்திலும் கறுப்பு உடையிலும் வழிந்தது, துடைக்கவில்லை. அவ்வளவு வருஷத்தில் அந்தச் சிறகு போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், இனி நனைந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டாள்.

தொமாசா எழுந்து நின்று சிலுவை போட்டாள்.  கதவையும் எர்சிலியாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயாதாம்மா. எனக்கும் கேட்டுச்சு. யாரையோ பேர் சொல்லிக் கூப்புடறாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யாரும்மா நிமியா?"

எர்சிலியா முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஊஞ்சலில் தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்தாள்.

"உக்காரு, தொமாசா" என்றாள். "எம் பொண்ணு."